மணிக்கட்டு முறிவு: மாவுக்கட்டு போதுமா, கம்பி வேண்டுமா, பிளேட் வேண்டுமா?

கையை ஊன்றி விழுந்த 7 வயதுப் பையன், பைக்கிலிருந்து விழுந்த 35 வயதுக்காரர், குளியலறையில் வழுக்கிய 70 வயதுப் பாட்டி. மூவரின் எக்ஸ்ரேயிலும் முறிந்த இடம் ஒன்றாகவே இருக்கும்: முன்கையில் கட்டைவிரல் பக்கம் ஓடும் ரேடியஸ் எலும்பின் கீழ்முனை, மணிக்கட்டு மூட்டுக்கு மேலே இரண்டு மூன்று சென்டிமீட்டருக்குள். கோணல்கூட ஏறக்குறைய ஒரே அளவாக இருக்கலாம். ஆனால் பையனுக்கு மாவுக்கட்டு போட்டு அனுப்பும் அதே டாக்டர், பைக்காரருக்கு ஆபரேஷன் எழுதுவார். பாட்டியிடம் "கொஞ்சம் கோணலா கூடினாலும் பரவாயில்லைம்மா" என்பார். கூட வந்தவர்களுக்கு இது குழப்பமாக இருக்கும். சிலருக்குச் சந்தேகமாகவும் இருக்கும்.

"ஆபரேஷன் தேவையா?" என்று கேட்பதற்கு முன்னால் கேட்க வேண்டியவை இரண்டு. நேராக்கி வைத்த எலும்பு வைத்த இடத்தில் நிற்குமா? நிற்காமல் சரிந்தால், இந்த வயதில், இந்தக் கைக்கு அதனால் என்ன நஷ்டம்? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் மாவுக்கட்டா, கம்பியா (தோல் வழியே எலும்பில் குத்துவது), பிளேட்டா (தோலைத் திறந்து எலும்பின்மேல் ஸ்க்ரூவால் பொருத்தும் உலோகத் தகடு) என்பது பெரும்பாலும் தானே முடிவாகிவிடும்.

குழந்தையின் எலும்பு தானே நிமிரும், ஓர் எல்லை வரை

ரேடியஸ் எலும்பின் நீள வளர்ச்சியில் முக்கால் பங்குக்கு மேல் அதன் கீழ்முனையில் உள்ள வளர்தட்டிலிருந்து வருகிறது. முறிவு அந்தத் தட்டுக்குப் பக்கத்திலேயே நடப்பதால், கோணலாகக் கூடிய எலும்புகூட வளர வளர நிமிர்ந்துகொள்ளும். 10 வயதுக்குக் கீழே, மணிக்கட்டு மடங்கி நிமிரும் திசையில் 20 டிகிரி கோணல் இருந்தாலும் பல எலும்பு மருத்துவர்கள் அப்படியே விட்டுவிடுவார்கள். ஓரிரு வருடத்தில் எக்ஸ்ரேயில் தழும்புகூடத் தெரியாது. பெண் குழந்தைகளுக்கு இந்தத் தட்டு 14, 15 வயதிலும், ஆண் பிள்ளைகளுக்கு 16, 17 வயதிலும் மூடத் தொடங்கும். வளர்ச்சி இன்னும் இரண்டு வருடமாவது பாக்கி இல்லையென்றால் இந்தச் சலுகையை நம்பக் கூடாது. 14 வயதுப் பெண்ணின் கையைப் பெரியவர் கையாகவே பார்க்க வேண்டும். வயது எதுவானாலும் எலும்பு முறுக்கிக்கொண்டு கூடியிருந்தால் அது தானாகத் திரும்பாது.

பிள்ளைகளுக்கு வரும் முறிவுகளில் மிகச் சாதாரணமானது 'பக்கிள்' முறிவு. எலும்பு ஒடியாமல் ஒரு பக்கம் மட்டும் நசுங்கிப் புடைத்திருக்கும். இதற்கு முழு மாவுக்கட்டே தேவையில்லை. பிரிட்டனில் 23 மருத்துவமனைகளில் 4 முதல் 15 வயது வரையான 965 பிள்ளைகளிடம் நடந்த ஃபோர்ஸ் ஆய்வு, 2022-ல் 'லேன்செட்' இதழில் வந்தது. ஒரு பாதிக்குச் சாதாரண பேண்டேஜ், மறுபாதிக்கு விறைப்பான கட்டு. வலியிலும் சரி, குணமாவதிலும் சரி, இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. கழற்றி மாட்டும் ஸ்ப்ளின்ட் ஒன்றை மூன்று வாரம் போட்டுவிட்டு வீட்டிலேயே எடுத்துவிடலாம். ஒரு நிபந்தனை: அது பக்கிள்தான், எதிர்ப்பக்கம் விரிசல் இல்லை என்பதை எக்ஸ்ரேயில் பக்கவாட்டுப் படத்தையும் வைத்து டாக்டர் உறுதிசெய்திருக்க வேண்டும்.

எதிர்ப்பக்கம் விரிசல் இருந்தால் அது வேறு ஜாதி. பச்சை வேப்பங்குச்சியை வளைத்தால் ஒரு பக்கம் நார் கிழிந்து மறுபக்கம் வளைந்து நிற்குமே, அந்த மாதிரி முறிவு. இது கட்டுக்குள்ளேயே மெல்ல மெல்ல வளையும் குணம் உள்ளது. நன்றாக அச்சுப் பிடித்த மாவுக்கட்டும், முதல் வாரமும் இரண்டாவது வாரமும் எக்ஸ்ரேயும் இதற்குக் கட்டாயம்.

இரண்டு துண்டாகி விலகிய முறிவென்றால் மயக்கம் கொடுத்து இழுத்துச் சேர்க்க வேண்டியிருக்கும். முழங்கைக்கு மேல் வரை கட்ட வேண்டும் என்று வெகுநாள் வழக்கம் இருந்தது. முழங்கைக்குக் கீழே போட்ட கட்டும், நன்றாகப் போட்டால், அதே அளவு பிடிக்கிறது என்று ஒப்பீட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சட்டை மாட்டுவது, தூங்குவது எல்லாம் பிள்ளைக்கு எளிதாகும்.

முறிவு வளர்தட்டின் வழியாகவே போயிருந்தால் அவசரமும் உண்டு, அளவும் உண்டு. முதல் ஓரிரு நாளில் மென்மையாக ஒரு முறை சேர்க்கலாம். ஒரு வாரம் கழித்து "கொஞ்சம் நகர்ந்திருக்கே, இன்னொரு தடவை இழுத்துப் பார்க்கலாம்" என்று முயன்றால் தட்டே நசுங்கி வளர்ச்சி நின்றுபோகலாம். அந்தக் கட்டத்தில் கோணலோடு விட்டு, வளர்ச்சி அதைச் சரிசெய்யக் காத்திருப்பதே நல்லது.

பிள்ளைகளுக்குக் கம்பி போடுவது எப்போது? நேராக்கியும் நிற்காமல் மறுபடி சரிந்தால், வளர்ச்சி முடியும் வயதில் முழுவதும் விலகியிருந்தால், அதே கையில் முழங்கைப் பக்கமும் முறிந்திருந்தால், காயம் திறந்திருந்தால். மரை இல்லாத வழுவழுப்பான கம்பிதான் வளர்தட்டைக் கடக்கலாம். மூன்று நான்கு வாரத்தில் உருவிவிடுவார்கள். பிளேட் என்ற பேச்சு சிறு பிள்ளையின் மணிக்கட்டுக்கு அபூர்வமாகத்தான் வர வேண்டும். வந்தால் காரணம் கேளுங்கள்.

மாவுக்கட்டு எங்கே தோற்கிறது

மாவுக்கட்டைப் பலர் "ஒன்றும் செய்யாமல் விடுவது" என்று நினைக்கிறார்கள். உண்மையில் கம்பியைவிட மாவுக்கட்டுக்குத்தான் போடுகிறவரின் கைப்பக்குவம் அதிகம் வேண்டும். தோற்பது பெரும்பாலும் கட்டின் வடிவத்தில்.

முன்கையின் குறுக்கு வெட்டு முட்டை வடிவம். கட்டும் முன்னும் பின்னும் தட்டையாக, அகலவாட்டில் நீண்டு இருக்க வேண்டும். குழாய் மாதிரி உருண்டையாகச் சுற்றிய கட்டுக்குள் வீக்கம் வற்றியதும் எலும்பு ஆடத் தொடங்கும். இதை எக்ஸ்ரேயிலேயே அளக்கலாம்: முறிவு இருக்கும் மட்டத்தில், பக்கவாட்டுப் படத்தில் கட்டின் உள் அகலத்தை, நேர்ப்படத்தில் உள்ள உள் அகலத்தால் வகுக்க வேண்டும். விடை 0.8-க்குக் கீழே இருந்தால் கட்டு நல்ல கட்டு. 0.9, 1 என்று போனால் அந்த எலும்பு சரிய வாய்ப்பு அதிகம். ஸ்கேல் வைத்து யாரும் பார்த்துவிடலாம்.

இரண்டாவது, பஞ்சு. எலும்பு முட்டும் இடங்களில் மட்டும் கூடுதலாக வைத்து, மற்ற இடத்தில் இரண்டு சுற்று போதும். "வலிக்கக் கூடாதே" என்று பஞ்சை மொத்தமாக வைத்தால் பிடிமானம் போய்விடும். மூன்றாவது, உள்ளங்கை. கட்டு உள்ளங்கை ரேகையைத் தாண்டக் கூடாது. விரல்களை முழுசாக மடக்கி முஷ்டி பிடிக்க வர வேண்டும். விரல் கணுவை மூடிய கட்டோடு ஆறு வாரம் இருக்கும் பெரியவருக்கு எலும்பு கூடிவிடும், விரல்கள் விறைத்துவிடும். மணிக்கட்டை மிக அதிகமாக உள்பக்கம் மடக்கிக் கட்டும் பழைய முறையும் கூடாது: நடு நரம்பு நசுங்கி கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போகும்.

அடிபட்ட அன்றே முழு வட்டக் கட்டு போடாமல் பாதிக் கட்டு (சிலாப்) போடுவதற்குக் காரணம் வீக்கம். முதல் இரண்டு மூன்று நாள் கையை நெஞ்சுக்கு மேல் தூக்கி வைத்து, வீக்கம் வற்றிய பின் முழுக் கட்டு. மாவு காயும்போது சூடு வரும். நனைக்கும் தண்ணீர் சாதாரண வெப்பத்தில் இருக்க வேண்டும். சீக்கிரம் இறுகட்டும் என்று வெந்நீரில் நனைத்து, ஈரக் கட்டைத் தலையணைமேல் வைத்தால் தோல் வெந்துபோனதும் உண்டு.

கட்டுக்குள் வலி கூடிக்கொண்டே போனால், விரல் நுனியைப் பிடித்து மெல்ல நிமிர்த்தும்போது முன்கையில் சுரீர் என்று இழுத்தால், விரல் வெளுத்தால் அல்லது மரத்தால், மாத்திரை போட்டு விடியும்வரை காத்திருக்கக் கூடாது. கட்டை அடிப்பஞ்சு வரை, தோல் தெரியுமளவு பிளக்க வேண்டும். எந்த நேரமானாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டிய விஷயம் இது.

எல்லாவற்றையும்விட, மாவுக்கட்டு தோற்கும் இடம் இரண்டாவது வாரம். கட்டுப் போட்டாயிற்று, இனி ஆறு வாரம் கழித்துப் போனால் போதும் என்று ஊருக்குப் போய்விடுகிறார்கள். எலும்பு சரிவது பெரும்பாலும் முதல் 14 நாளில். அதற்குள் எக்ஸ்ரே எடுத்தால் மறுபடி சேர்க்கலாம், கம்பி போடலாம். ஆறாவது வாரம் பார்த்தால், கூடிய எலும்பை மறுபடி வெட்டித்தான் நேராக்க வேண்டும். மறுபடி எக்ஸ்ரேக்கு வர முடியாத குடும்பம் என்றால், கம்பி போட்டு அனுப்புவதற்கு அதுவே ஒரு நியாயமான காரணம்.

பெரியவர்களுக்கு: கட்டு, கம்பி, பிளேட்

பெரியவர் எலும்பு தானாக நிமிராது. நேராக்கிய பின் எடுக்கும் எக்ஸ்ரேயில் மூன்று அளவுகள் முக்கியம்: மூட்டுப் பரப்பில் 2 மில்லிமீட்டருக்கு மேல் படி விழுந்திருக்கிறதா, ரேடியஸ் 3 மில்லிமீட்டருக்கு மேல் குட்டையாகிவிட்டதா, மூட்டுப் பரப்பு பின்பக்கமாக 10 டிகிரிக்கு மேல் சாய்ந்திருக்கிறதா. இயல்பாக அது உள்ளங்கைப் பக்கம் 11 டிகிரி சாய்ந்திருக்கும். 65 வயதுக்குக் கீழே, இவற்றில் ஒன்று மீறினாலும் ஆபரேஷன் பேச்சு நியாயமானது.

அளவு சரியாக இருந்தாலும் நிற்குமா என்பது அடுத்த கேள்வி. அடிபட்ட அன்று எடுத்த படத்தில் சாய்வு 20 டிகிரிக்கு மேல், பின்பக்க எலும்பு தூளாகியிருப்பது, மூட்டுக்குள் விரிசல், பக்கத்து எலும்பும் முறிந்திருப்பது, வயது 60-க்கு மேல். இந்த ஐந்தில் மூன்று இருந்தால் கட்டுக்குள் சரியும் என்று எதிர்பார்க்கலாம்.

திறக்காமலே இழுத்து நேராக்க முடிகிற முறிவுக்குக் கட்டா கம்பியா? 16 வயதுக்கு மேற்பட்ட 500 பேரிடம் பிரிட்டனில் நடந்த டிராஃப்ட்-2 ஆய்வு (2022) இதைத்தான் நேராகக் கேட்டது. ஒரு வருடம் கழித்து கையின் வேலைத்திறனில் வித்தியாசம் இல்லை. ஆனால் கட்டு மட்டும் போட்டவர்களில் எட்டில் ஒருவருக்கு, ஆறு வாரத்துக்குள் எலும்பு சரிந்து ஆபரேஷன் தேவைப்பட்டது. கம்பி போட்ட அத்தனை பேரிலும் ஒரே ஒருவருக்குத்தான். என் கணக்கில் இதன் பொருள், கட்டோடு தொடங்கலாம், ஆனால் அந்த எட்டில் ஒருவராக நீங்கள் இருந்தால் அதை நேரத்தில் கண்டுபிடிக்க ஏற்பாடு இருக்க வேண்டும் என்பது.

கம்பியா பிளேட்டா என்ற கேள்விக்கு 2014-ல் வந்த முதல் டிராஃப்ட் ஆய்வு பதில் சொன்னது. 461 பேர், எல்லோருக்கும் திறக்காமலே மூட்டை நேராக்க முடிந்த முறிவு. 12-ஆம் மாதத்தில் இரண்டும் சமம், கம்பி மலிவு. இன்றும் தனியார் மருத்துவமனைகளில் பிளேட்தான் முதலில் வருகிறது. அது எப்போதும் தவறில்லை, ஏனென்றால் இரண்டும் கொடுக்கும் சௌகரியம் வேறு.

கம்பி என்பது 1.6 மில்லிமீட்டர் தடிமனில் இரண்டு மூன்று கே-வயர். தோல் வழியே குத்தி, நுனியை வெளியே வளைத்து விடுவார்கள். இதோடு ஐந்தாறு வாரம் கட்டும் உண்டு. "கம்பி போட்டாச்சே, கட்டு எதுக்கு?" என்று கழற்றியவர்களுக்குக் கம்பி வளைந்து எலும்பும் சரிந்திருக்கிறது. நனைந்தால் கம்பியின் ஓரத்தில் சீழ் பிடிக்கும். கட்டைவிரலின் பின்பக்கத் தோல் நரம்பைக் கம்பி உரசினால் எரிச்சலும் மரத்தலும் இருக்கும். எடுப்பது மட்டும் எளிது: புறநோயாளிப் பிரிவிலேயே, மயக்கம் இல்லாமல், சில நொடியில்.

பிளேட்டின் லாபம் நேரம். இரண்டு வாரத்தில் மணிக்கட்டை அசைக்கத் தொடங்கலாம். தையல் மெஷின், கீபோர்டு, சமையல் என்று கையையே நம்பிப் பிழைப்பவருக்கு அந்த ஒரு மாதம் பெரிய காசு. மூட்டுப் பரப்பு துண்டுதுண்டானால், அல்லது உள்ளங்கைப் பக்க விளிம்பு உடைந்து மணிக்கட்டே முன்னால் நழுவியிருந்தால், பிளேட் தவிர வேறு வழி பெரும்பாலும் இல்லை. அந்த இரண்டாவது வகையை மாவுக்கட்டு பிடிக்கவே பிடிக்காது.

பிளேட்டின் குறை அதை வைக்கும் இடத்தில் இருக்கிறது. எலும்பின் முன்விளிம்பைத் தாண்டி மூட்டுப் பக்கம் தள்ளி வைத்தால், கட்டைவிரலை மடக்கும் தசைநார் அதில் தேய்ந்து மாதங்கள், வருடங்கள் கழித்தும் அறுந்துபோகும். ஸ்க்ரூ பின்பக்கம் ஒரு மில்லிமீட்டர் துருத்தினாலும் நிமிர்த்தும் தசைநாருக்கு அதே கதி. ஆபரேஷனுக்குப் பின் கட்டைவிரலை மடக்கும்போது கரகரப்பு இருந்தால் காத்திருக்காமல் காட்ட வேண்டும். தொந்தரவு இல்லாத பிளேட்டைப் பெரியவர்களுக்கு எடுக்க வேண்டியதில்லை.

ஆபரேஷனே செய்யாத, விலகாத முறிவிலும் ஒரு வலை இருக்கிறது. சில வாரம் கழித்து, உள்ளங்கையை மேசைமேல் வைத்தால் கட்டைவிரலை மட்டும் மேலே தூக்க வராது. தசைநார் உள்ளேயே தேய்ந்து அறுந்திருக்கும். அறுந்த நுனிகளைத் தைத்தால் நிற்காது. ஆள்காட்டி விரலின் உபரித் தசைநாரை மாற்றி இணைப்பார்கள்.

அறுபத்தைந்துக்கு மேல்

டப்ளின் அறுவை மருத்துவர் ஆபிரகாம் காலிஸ் இந்த முறிவை 1814-ல் எழுதினார். எக்ஸ்ரே வருவதற்கு 81 வருடம் முன்னால். கோணல் அப்படியே இருந்தாலும் கடைசியில் கை வலியில்லாமல் இயங்கும் என்று அவர் குறித்தது, வயதானவர்கள் விஷயத்தில் பெரிய அளவில் நிற்கிறது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் பிளேட்டையும் கட்டையும் ஒப்பிட்ட கிராஸ்ஃபயர் ஆய்வு (2021), 12 மாதத்தில் வித்தியாசம் காணவில்லை. மணிக்கட்டின் வெளிப்பக்கம் ஒரு மேடு தெரியும். வளையல் சற்று இறுகும். டம்ளர் பிடிக்க, கதவு திறக்க, சேலை கட்டத் தடை இருக்காது. அம்மாவின் கை கோணலாகத் தெரிவது பிள்ளைகளுக்குத்தான் உறுத்துகிறது, அம்மாவுக்கு அல்ல.

தனியாக வாழ்ந்து எல்லா வேலையும் தானே செய்யும் 68 வயதுக்காரரை இந்தக் கணக்கில் தள்ளிவிடக் கூடாது. வயதைவிடக் கை செய்யும் வேலை பெரிது. நடு நரம்பு நசுங்கி விரல் மரத்திருந்தாலும், காயம் திறந்திருந்தாலும் வயது பார்க்காமல் ஆபரேஷன்தான்.

50 தாண்டியவர் நின்ற நிலையிலிருந்து விழுந்து மணிக்கட்டு முறிந்தால் எலும்பு அடர்த்திப் பரிசோதனையும் எழுதச் சொல்லுங்கள். கட்டுப் பிரித்ததோடு பலர் இதை மறந்துவிடுகிறார்கள். அடுத்து முறிவது இடுப்பாக இருக்கலாம்.

புத்தூர் கட்டு

சென்னை–திருப்பதி சாலையில், நகரிக்குப் பக்கத்தில் இருக்கும் ஆந்திரப் புத்தூரின் பெயரில் தமிழ்நாடெங்கும் பலகைகள் தொங்குகின்றன. விலகாத முறிவு, பிள்ளைகளின் பக்கிள், வளர்ச்சியால் தானே நிமிரும் கோணல் ஆகியவை எந்தக் கட்டிலும் கூடும். மூங்கில் பட்டையிலும் கூடும். அதன் பேர் வளர்ந்தது இவற்றால். ஆபத்து இரண்டு. வீங்கும் கையை மூங்கில் தப்பையோடு இறுக்கிக் கட்டினால் ரத்த ஓட்டம் நின்று, தசை செத்து, விரல்கள் நிரந்தரமாக மடங்கிப்போகும். விரல் கறுத்துக் கையையே எடுத்த நிலையும் வந்திருக்கிறது. இரண்டாவது, எக்ஸ்ரே இல்லாமல் கட்டும்போது மூட்டுக்குள் போன விரிசலும் வளர்தட்டு நகர்வும் தெரியாது. கட்டுப் பிரித்த பின் எண்ணெய் போட்டு உருவுவதும் வேண்டாம். அங்கேதான் போவது என்று வீட்டில் தீர்மானம் என்றால், முதலில் ஓர் எக்ஸ்ரே எடுத்து எலும்பு டாக்டரிடம் காட்டிவிட்டு, கட்டு போட்ட இரவு விரலின் நிறத்தையும் உணர்ச்சியையும் மணிக்கு ஒரு தடவை பாருங்கள்.

எக்ஸ்ரேயில் தெரியாத ஸ்கேஃபாய்டு

கட்டைவிரலை நிமிர்த்தினால் அடியில் ஒரு குழி விழும். விழுந்த பிறகு அந்தக் குழியில் அழுத்தினால் வலிக்கிறது, எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது. இதைச் "சுளுக்கு" என்று விட்டுவிடுவதுதான் இளைஞர்களிடம் நடக்கும் பெரிய தவறு. மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம் உள்ள ஸ்கேஃபாய்டு என்ற சின்ன எலும்பின் விரிசல் முதல் நாள் தெரியாமல் இருக்கலாம். கட்டு போட்டு 10 முதல் 14 நாளில் மறுபடி எக்ஸ்ரே, அல்லது உடனே எம்.ஆர்.ஐ. இந்த எலும்புக்கு ரத்தம் விரல் பக்கத்திலிருந்து பின்னோக்கி ஓடுகிறது. முறிவு முன்கைப் பக்க நுனியில் என்றால் அந்தத் துண்டுக்கு ரத்தமே போகாமல் போகலாம். அதற்கு ஸ்க்ரூ.

நடுவில் முறிந்து, 2 மில்லிமீட்டர் வரை மட்டுமே விலகியிருந்தால்? 439 பேரிடம் நடந்த ஸ்விஃப்ட் ஆய்வில் (2020) உடனே ஸ்க்ரூ போட்டவர்களும் கட்டோடு தொடங்கியவர்களும் ஒரு வருடத்தில் சமம். கட்டோடு தொடங்கியவர்களுக்கு எலும்பு கூடாவிட்டால் தாமதிக்காமல் ஸ்க்ரூ போட வேண்டும் என்பது அந்தத் திட்டத்தின் பகுதி. எனவே கட்டைத் தேர்ந்தெடுப்பவர் 6 முதல் 12 வாரத்துக்குள் கூடிவிட்டதா என்று சி.டி. ஸ்கேனில் உறுதிசெய்வதையும் சேர்த்தே தேர்ந்தெடுக்கிறார். கட்டில் கட்டைவிரலைச் சேர்த்துக் கட்ட வேண்டிய அவசியம் இல்லை. சிகரெட் பிடிப்பவருக்கு இந்த எலும்பு கூடத் தாமதமாகும்.

விரலும் உள்ளங்கையும்

சுவரைக் குத்தியவரின் சுண்டுவிரல் கணு உள்ளே போய்விடும். சுண்டுவிரல் உள்ளங்கை எலும்பின் கழுத்தில் 40 டிகிரி வரை கோணல் இருந்தாலும் கையின் வேலை கெடாது. பக்கத்து விரலோடு சேர்த்துக் கட்டி மூன்று நான்கு வாரம் போதும். அதே கோணல் ஆள்காட்டி, நடுவிரல் எலும்பில் இருந்தால் விடக் கூடாது: அங்கே 10, 15 டிகிரிதான் எல்லை. முஷ்டியில் கணுமேல் சிறு வெட்டுக் காயம் இருந்தால் அது எதிராளியின் பல் பட்டதாக இருக்கலாம். மூட்டுக்குள் கிருமி போயிருக்கும். அன்றே திறந்து கழுவ வேண்டும்.

கோணலைவிட முறுக்கல் மோசம். விரல்களை மடக்கச் சொன்னால் எல்லா நகமும் மணிக்கட்டின் கட்டைவிரல் பக்க அடியை நோக்கிச் சாய வேண்டும். ஒரு விரல் மற்றொன்றின்மேல் ஏறினால், எக்ஸ்ரே எவ்வளவு அழகாக இருந்தாலும், அது ஆபரேஷன் முறிவு. உள்ளங்கை எலும்பில் 5 டிகிரி முறுக்கல் விரல் நுனியில் 1.5 சென்டிமீட்டர் குறுக்கீடாக வந்து நிற்கும். விரலுக்கு சிலாப் போடும்போது கணுவை 70 முதல் 90 டிகிரி மடக்கி, விரலின் மற்ற மூட்டுகளை நேராக வைப்பார்கள். கணுவை நேராக வைத்துக் கட்டினால் மூட்டின் இரு பக்கமும் எலும்புகளை இணைக்கும் நார்கள் சுருங்கி, பிறகு மடங்காது.

பிள்ளைகளின் விரலில் இரண்டு முறிவுகளுக்கு "வளர வளர சரியாகிவிடும்" என்பது பொருந்தாது. ஒன்று, விரல் எலும்பின் நுனிக்குச் சற்றுக் கீழே கழுத்தில் வருவது. வளர்தட்டு மறுமுனையில் இருப்பதால் அது நிமிரும் என்று நம்ப முடியாது, விலகியிருந்தால் கம்பி வேண்டும். இன்னொன்று கதவில் நசுங்கிய விரல் நுனி. நகத்தின் அடி, தோல் மடிப்புக்கு மேலே வெளியே வந்து கிடக்கும், நுனி மடங்கித் தொங்கும். வெறும் நகக் காயம் என்று பிளாஸ்டர் ஒட்டி அனுப்பிவிடுவார்கள். நகத்தின் அடியிலுள்ள சதை முறிவுக்குள் சிக்கி, வளர்தட்டே வெளிக்காற்றில் திறந்திருக்கும் முறிவு அது. நகத்தைத் தூக்கி, சிக்கிய சதையை வெளியே எடுத்து, கழுவி, நேராக்கி, ஆன்டிபயாட்டிக்கோடு முடிக்க வேண்டும். தள்ளிப்போட்டால் எலும்பில் சீழ் பிடிக்கும், நகம் கோணலாக வளரும், அந்த விரல் நுனி குட்டையாகவே நின்றுவிடும்.